ஒரே வாத்தியார், மூன்று யோகா

"ஐயங்கார் யோகாவா, அஷ்டாங்காவா, எதில் சேரலாம்?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது வயதையும் முழங்காலையும்தான். எது 'அசல்' என்ற சண்டைக்குள் போவதே இல்லை. இரண்டுக்கும் வாத்தியார் ஒருவரே: 1930களில் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்திய கிருஷ்ணமாச்சாரியார்.

அரண்மனையில் அவரிடம் படித்தவர்கள் துள்ளுகிற வயதுப் பையன்கள். அவருடைய மாணவர் பட்டாபி ஜோயிஸ் மைசூரிலேயே தங்கிப் பரப்பிய அஷ்டாங்க வின்யாசத்தில் அந்தத் துள்ளல் இன்னும் இருக்கிறது. வரிசை மாறாது, ஆசனத்துக்கு ஆசனம் குதித்துத்தான் போகவேண்டும், அரை மணியில் பாய் நனைந்துவிடும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் லீவு. யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலியின் எட்டு அங்கங்கள் வேறு, இந்த வரிசை வேறு; பெயர்தான் குழப்புகிறது. இருபத்தைந்து வயதில் உடம்பு வணங்குகிறதா, தாராளமாகப் போகலாம்.

பி.கே.எஸ். ஐயங்கார் கதை வேறு. வாத்தியாரின் மைத்துனர், சின்ன வயதில் நோஞ்சான். 1937இல் புனேவுக்குப் போனபின் பெரும்பாலும் தன் உடம்பையே சோதித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். மரக்கட்டை, பெல்ட், மடித்த போர்வை, சுவரில் கயிறு எல்லாம் அப்படி வந்தவைதான். வயலின் மேதை மெனுஹினுக்கு 1952இல் அவர் சொல்லிக்கொடுத்தது மேற்கே கதவைத் திறந்துவிட்டது. நான் போன ஐயங்கார் வகுப்பில் திரிகோணாசனத்தில் கை கட்டைமேல், தொடை நடுங்குகிறது, டீச்சரோ பின்கால் சுண்டுவிரல் தரையில் அழுந்தவில்லை என்று அங்கேயே நிற்கிறார். ஒரு மணி நேரத்தில் நாலு ஆசனம்! பொறுமை இல்லாதவர்களுக்கு ஒத்துவராது. ஆனால் எந்த எலும்பு எங்கே இருக்கிறது என்பது அங்கேதான் எனக்குப் புரிந்தது.

சரி, மூன்றாவது? நம்மூரில் பலருக்கே தெரியாது, அது சென்னையில் வளர்ந்தது. யோகசாலை மூடப்பட்டபின் 1950களில் கிருஷ்ணமாச்சாரியார் இங்கே குடிவந்தார். அப்போது அவரைத் தேடி வந்தவர்கள் நோயாளிகள், குடும்பஸ்தர்கள், வயதானவர்கள். ஆளைப் பார்த்துப் பாடத்தை மாற்றினார். மகன் தேசிகாச்சார், இன்ஜினியரிங் படித்தவர், 1976இல் அப்பா பெயரில் 'யோக மந்திரம்' என்ற யோகப் பள்ளியைத் தொடங்கி அந்த முறையைத் தொடர்ந்தார். ஆசிரியரும் மாணவரும் நேருக்கு நேர். கையை மூச்சோடு தூக்கி மூச்சோடு இறக்கவேண்டும். மூச்சு தடுமாறினால் அன்றைக்கு அவ்வளவுதான், அடுத்ததற்குப் போவதில்லை.

நாற்பது தாண்டி, இடுப்போ முதுகோ பிடித்துக்கொண்டு வருபவர்களை நான் அனுப்புவது இங்கேதான். ஃபோட்டோவுக்கு உதவாது, வியர்க்காது. நான் அனுப்பிய நண்பன் இரண்டாம் வாரமே போன் செய்தான்: "மூச்சு விடத்தானே சொல்றாங்க, அதை நான் வீட்டிலேயே விடுறேனே!"