பிரஷர் பம்ப்: டேங்க் வைத்ததா, கன்ட்ரோலர் வைத்ததா?

மடிப்பாக்கத்தில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. தலைக்கு நேர்மேலே தண்ணீர்த் தொட்டி, வம்பே அதுதான். பத்து மீட்டர் உயரம் இருந்தால் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். எங்கள் ஷவருக்கும் தொட்டிக்கும் நடுவே மூன்று மீட்டர்கூட இல்லை. கீழ் வீட்டில் தண்ணீர் கொட்டும், எங்களுக்கு மெல்ல வழியத்தான் செய்யும்.

அழுத்தத்தைக் கூட்ட முதலில் வாங்கியது கன்ட்ரோலர் வைத்த பிரஷர் பம்ப். குழாயைத் திறந்ததும் பம்பை ஓட்டி, மூடியதும் நிறுத்துகிற எலக்ட்ரானிக் பெட்டிதான் கன்ட்ரோலர். விலை குறைவு, இடம் அடைக்காது, தொட்டி காலியானால் தானே நின்றுவிடும். இதிலெல்லாம் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் போர் தண்ணீர் பக்கெட்டிலேயே வெள்ளைக் கோடு போடும். கன்ட்ரோலருக்குள் தண்ணீர் ஓடுவதைக் கண்டுபிடிக்கிற சின்ன மடலில் அந்த உப்பு ஏறி, அது ஒட்டிக்கொண்டது. குழாயை மூடியும் பம்ப் நிற்கவில்லை. கழற்றித் துடைத்தேன், சரியானது. அப்புறம் ஒருநாள் கன்ட்ரோலரின் எலக்ட்ரானிக் போர்டே போனது. "ரிப்பேர்லாம் கிடையாது சார், புதுசு மாத்திடுங்க" என்றார் மெக்கானிக்.

அதனால்தான் 24 லிட்டர் டேங்கும் பிரஷர் சுவிட்சும் உள்ளதற்கு மாறினேன். டேங்குக்குள் தண்ணீருக்கு ஒரு ரப்பர் பை, அதைச் சுற்றிக் காற்று. அழுத்தம் 1.4 பாருக்கு இறங்கினால் சுவிட்ச் பம்பை ஓட்டும், 2.8 பாருக்கு ஏறினால் நிறுத்தும். நடுவில் ஏறக்குறைய 8 லிட்டர் பம்ப் ஓடாமலே வரும். நடுராத்திரியில் ஒருவர் கை கழுவ, வீடே விழித்துக்கொள்வதில்லை.

இதுவும் மக்கர் செய்தது. குழாயைத் திறந்ததும் 'டக் டக்' என்று விட்டுவிட்டு ஓடியது. பம்ப் போச்சு என்றே நினைத்தேன். டேங்கில் காற்று இறங்கியிருந்தது, அவ்வளவுதான். பம்பை அணைத்து, தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, சைக்கிள் பம்பால் 1.2 பார் வரை அடித்தேன். ஓடத் தொடங்கும் அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். தண்ணீர் உள்ளே இருக்கும்போது அளந்தால் கணக்கு தப்பும். காற்று வால்வை அழுத்தினால் தண்ணீர் வருகிறதா? பை கிழிந்துவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலான டேங்குகளில் பையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். யாரும் குழாயைத் தொடாமலே ஓடுகிறதா? டேங்கை விட்டுவிட்டு ஃப்ளஷ் ஒழுகுகிறதா பாருங்கள், இல்லையென்றால் தண்ணீர் பின்னால் திரும்பாமல் தடுக்கிற நான்-ரிட்டர்ன் வால்வைப் பாருங்கள். சுவிட்ச் சில சமயம் எடுக்கவே எடுக்காது. மெயினை அணைத்துவிட்டு மூடியைத் திறந்தால் எறும்பு குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும்.

ஓடாமல் 'உம்' என்று முனகினால் முதலில் மோட்டாரைக் கிளப்பிவிடுகிற கெப்பாசிட்டரைச் சந்தேகிக்கலாம். அது இரண்டு வகைக்கும் பொது.

டேங்க் வகையில் ஒரு குறை நிஜம்: மாடித் தொட்டி காலியானாலும் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். தொட்டியில் தண்ணீர் இறங்கினால் பம்பை நிறுத்துகிற ஃப்ளோட் சுவிட்ச் தனியாகப் போட்டேன்.

தேவைக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்கிற இன்வெர்ட்டர் பம்ப்? மச்சான் வீட்டில் இரண்டு நாள் குளித்த அனுபவம்தான். சத்தமே இல்லை, ஷவரும் ஒரே சீராக வந்தது. ஆனால் அதிலும் ஒரு போர்டு இருக்கிறது. எனக்கு ஒருமுறை பட்டது போதும்.