மஞ்சள் லைனுக்கு என் மார்க் 10-க்கு 7

பெங்களூரு பி.டி.எம். லேஅவுட்டில் குடியிருந்து எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்ப்பவனுக்கு சில்க் போர்டு சிக்னல் நெரிசலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் லைன் திறந்த அன்றே, ஸ்கூட்டருக்கு இனி ஓய்வு என்று வீட்டில் அறிவித்துவிட்டேன். ஓய்வு இரண்டே நாள்தான். அப்போது ஓடியது 3 ரயில், 25 நிமிஷத்துக்கு ஒன்று. படியேறிப் போவதற்குள் ஒன்று கிளம்பிவிட்டால், அந்த நேரத்துக்கு ஸ்கூட்டரில் பாதி தூரம் போயிருக்கலாம்.

நவம்பரில் 5 ரயிலாகி, இடைவெளி 15 நிமிஷத்துக்கு இறங்கிய பிறகுதான் நிஜமாகவே மாறினேன். ரயில் ஒன்றும் வேகமாகிவிடவில்லை. தவறவிட்டாலும் ஒரு டீ குடிக்கிற நேரம்தான் என்று மனசு சமாதானமானது, அவ்வளவுதான். காசு கணக்குப் பார்த்தால் ஸ்கூட்டர் பெட்ரோலே மலிவு. ஸ்மார்ட் கார்டுக்குக் கிடைக்கிற 5 சதவீதத் தள்ளுபடி அதை ஈடுகட்டாது. ஆனால் கூடுதலாகப் போகிற காசுக்கு, எத்தனை மணிக்கு வீடு திரும்புவேன் என்று சொல்ல முடிகிறதே.

மனைவியிடம் இந்தக் கணக்கு செல்லுபடியாகவில்லை. அவளுக்கு பொம்மனஹள்ளியில் கார்மென்ட்ஸ் வேலை. 2023 ஜூனிலிருந்து கர்நாடக அரசின் சக்தி திட்டத்தில் பெண்களுக்கு பஸ் இலவசம். "ஓசியில போற பஸ்ஸ விட்டுட்டு, காசு குடுத்து இத்தனை படி ஏறணுமாங்க?" என்கிறாள். என்னிடம் பதில் இல்லை. மழை நாளில் மட்டும் என் கார்டு காணாமல் போகும்.

எங்கள் வீட்டில் முதலில் மாறியவர் யார் தெரியுமா? கிருஷ்ணகிரியிலிருந்து வரும் 68 வயது மாமனார். பஸ்ஸில் வந்து பொம்மசந்திராவில் இறங்கினால் ஓசூர் ரோட்டிலேயே ஸ்டேஷன். லிஃப்டில் ஏறி உட்கார்ந்துவிடுகிறார். டிரைவர் இல்லாமலே ஓடக்கூடிய ரயில் என்று பயமுறுத்திப் பார்த்தேன். "இருந்தா மட்டும் நமக்கு அவரத் தெரியுமா மாப்ள?" என்றார்.

மூன்று மார்க் எங்கே போனது? முழுக்க ஸ்டேஷனுக்கு வெளியே. இறங்கிய பிறகு என் ஆபீஸ் ஒன்றரை கிலோமீட்டர். மீட்டர்படி முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய். வாசலில் நிற்கும் ஆட்டோக்காரர் கேட்பது 80. ஒரு ஆப்பில் புக் செய்தால், வந்துகொண்டிருப்பதாகக் காட்டிய வண்டி கடைசி நிமிஷத்தில் கேன்சல். இப்போதெல்லாம் நடந்துவிடுகிறேன், அதுவும் லாரிக்கு ஒதுங்கி, தோண்டிப் போட்ட நடைபாதையைத் தாண்டி. வெயில் ஏறினால் அந்த வாரம் மறுபடி ஸ்கூட்டர்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமனாரை வழியனுப்பப் போனேன். பொம்மசந்திராவோடு தண்டவாளம் முடிவதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஓசூர் வரைக்கும் போட்டா என்னவாம்?"