லூஸில் கட்டித் தரும் ‘பெல்ஜியம் சாக்லேட்’: விசேஷத்துக்கு வாங்கும் முன் இதைப் படியுங்கள்

வீட்டு விசேஷத்துக்கு நீங்களே சாக்லேட் டார்ட்டோ ட்ரஃபிளோ மூஸோ செய்வதாக இருந்து, அதற்குக் கூவர்ச்சர் (கோகோ பட்டர் அதிகமுள்ள அசல் சாக்லேட்) வாங்க பேக்கிங் சாமான் கடைக்குப் போகிறீர்கள் என்றால், பெரிய பையைப் பிரித்துக் கவரில் கட்டி ஸ்டிக்கர் ஒட்டித் தருவதை மட்டும் வாங்காதீர்கள். கிலோ 1,150 ரூபாய் என்று எனக்குத் தந்தது கூவர்ச்சரே இல்லை. சாதாரண காம்பவுண்ட், கோகோ பட்டருக்குப் பதில் வேறு கொழுப்பு போட்டது. அதுவும் பழைய சரக்கு.

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்காக வாங்கியது. காலையில் ஹோமமும் மதியச் சாப்பாடும் மண்டபத்தில், சாயங்காலம் நெருங்கிய சொந்தம் மட்டும் வீட்டுக்கு என்று ஏற்பாடு. சாயங்கால இனிப்பு என் பொறுப்பு. அப்பாவுக்குக் கசப்பு சாக்லேட் என்றால் உயிர். கடையில் கேக் சொல்வதற்குப் பதிலாக, மெல்லிய பிஸ்கட் ஓட்டுக்குள் கனாஷ் (சூடான கிரீமில் கரைத்த சாக்லேட்) ஊற்றிய டார்ட், கோகோ தூவிய ட்ரஃபிள், பெரியம்மா சாப்பிடும்படி முட்டையில்லாத மூஸ், மூன்றும் செய்வதாகத் திட்டம். மூன்றிலும் சாக்லேட்தான் பிரதானம். அது சரியில்லை என்றால் வேறு எதைப் போட்டும் தேற்ற முடியாது.

கோவையில் பலர் சொல்லும் ஒரு கடை. பெயர் வேண்டாம், புகார் நிலுவையில் இருக்கிறது. கண்ணாடி அலமாரியில் பிரபல பெல்ஜியம் கம்பெனியின் இரண்டரைக் கிலோ பை, வாய் மடித்து வைத்திருந்தார்கள். கீழே மேசையில் அதே மாதிரி சின்னச் சின்னப் பொத்தான் சாக்லேட், அரைக் கிலோ கவர்களில். மேலே ‘பெல்ஜியம் டார்க் 54%’ என்று ஸ்டிக்கர், அதாவது கோகோ 54 சதவீதம். வாயைத் திறந்து கேட்டுத்தான் வாங்கினேன். “இது கூவர்ச்சர்தானே, காம்பவுண்ட் இல்லையே?” “மேல இருக்கிற பையில இருந்து பிரிச்சதுதான் மேடம். ஹோட்டல்காரங்க எல்லாம் இதைத்தான் எடுக்கிறாங்க.” பில்லில் மட்டும் ‘டார்க் சாக்கோ 2 கிலோ’ என்று எழுதியிருந்தது. அப்படி எழுதியது எதற்காக என்பது பிறகு புரிந்தது.

டார்ட்டுக்கான கனாஷில் பெரிய வித்தை எதுவும் இல்லை. சாக்லேட்டும் கிரீமும் சம எடை. கிரீம் ஓரத்தில் நுரை கட்டும்போது இறக்கி சாக்லேட் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து மெதுவாகக் கலக்கினால் கண்ணாடி மாதிரி பளபளப்பு வந்துவிடும். அன்றைக்கு வரவில்லை. கலக்கக் கலக்க ஓரத்தில் எண்ணெய் கோடு கட்டியது, நடுவில் ரவை ரவையாகத் திரிந்தது. பிரிந்த கனாஷை வெதுவெதுப்பான பால் ஒவ்வொரு ஸ்பூனாக விட்டு அடித்துச் சேர்க்கலாம். சேர்த்தேன், சேர்ந்தது. பார்வைக்கு டார்ட் நன்றாகவே அமைந்தது. வாயில் வைத்ததும்தான் விஷயம் தெரிந்தது. கரையவில்லை. மெழுகு மாதிரி மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. விழுங்கிய பிறகும் அந்தப் படலம் போகவில்லை. பெரியம்மா மெதுவாக என்னிடம், “என்ன கண்ணு, சோப்பு வாசம் அடிக்குதே?” என்றார். குழந்தைகள் ஒரு கடி கடித்துத் தட்டை வைத்துவிட்டார்கள். அப்பா மட்டும் தன் துண்டை முழுசாகச் சாப்பிட்டார், ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

அந்தச் சோப்பு வாசத்துக்குக் காரணம் இருக்கிறது. உண்மையான சாக்லேட்டின் கொழுப்பு கோகோ பட்டர். அது சுமார் 34 டிகிரியில் உருகும், நம் உடம்புச் சூட்டுக்குச் சற்றுக் கீழே. நாக்கில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு கரைவதும் சாக்லேட் என்றால் நமக்கு நினைவுக்கு வருகிற அந்தச் சுகமும் இதனால்தான். சர்வதேச தரத்தின்படி கூவர்ச்சர் என்று சொல்ல அதில் குறைந்தது 31 சதவீதம் கோகோ பட்டர் இருக்க வேண்டும். காம்பவுண்டில் கோகோ பட்டருக்குப் பதில் ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய (ஹைட்ரஜனேட்டட்) தாவரக் கொழுப்பு, பெரும்பாலும் பாம் கர்னல் எண்ணெய், அதாவது எண்ணெய்ப்பனைக் கொட்டையின் எண்ணெய். நிறத்துக்கும் மணத்துக்கும் கோகோ பவுடர். பாம் கர்னலில், தேங்காய் எண்ணெயில் இருப்பது போலவே லாரிக் அமிலம் நிறைய உண்டு. ஈரம் பட்டு, நாள்பட்டால் அந்த அமிலம் பிரிந்து சோப்பு வாசம் வந்துவிடும். ஆக எனக்கு வந்தது ரகத்திலும் மோசடி, வயதிலும் மோசடி.

காம்பவுண்டை நான் குறை சொல்லவில்லை. மோர்டே போன்ற கம்பெனிக்காரர்கள் அட்டையிலேயே காம்பவுண்ட் என்று போட்டுத்தான் விற்கிறார்கள். பிறந்தநாளுக்கு அச்சில் ஊற்றும் சாக்லேட், கேக் ஓரத்தில் வழியவிடும் ட்ரிப், பிஸ்கட் முக்கி எடுப்பது, இதற்கெல்லாம் அதுதான் வசதி. டெம்பரிங் (உருக்கிய சாக்லேட்டைப் பதமான சூட்டுக்கு ஆற்றி இறுக வைப்பது) வேண்டாம், நம் ஊர் வெயிலையும் தாங்கும். ஆனால் அதன் விலை கூவர்ச்சர் விலையில் பாதிகூட இல்லை. அதைப் பெல்ஜியம் என்று சொல்லி விற்பதைத்தான் சொல்கிறேன்.

சமீப வருடங்களில் இப்படிச் செய்யத் தூண்டியதற்கும் காரணம் உண்டு. உலகக் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா இரண்டு நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே பருவநிலையும் செடி நோயும் சேர்ந்து விளைச்சலைக் கெடுத்ததில், பல வருடங்களாக டன்னுக்கு 2,500 டாலரை ஒட்டியே இருந்த கோகோ 2024-இல் 10,000 டாலரைத் தாண்டியது. நல்ல சாக்லேட்டுக்கும் காம்பவுண்டுக்கும் விலை இடைவெளி விரிந்தபோது, இரண்டையும் ஒரே மாதிரிக் கவரில் கட்டினால் கிடைக்கும் லாபமும் விரிந்துவிட்டது.

மறுநாள் மீதிக் கவரோடு கடைக்குப் போனேன். முதலில் என் கிரீம் சரியில்லை என்றார் கடைக்காரர். அப்புறம் எனக்கு டெம்பரிங் தெரியவில்லை என்றார். கனாஷுக்கு டெம்பரிங்கே தேவையில்லை என்பது இந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்காது. சரி என்று, அலமாரிப் பையிலிருந்து ஒரு பொத்தான் எடுத்து என் இடது உள்ளங்கையில் வைக்கச் சொன்னேன். கவரிலிருந்து ஒன்றை வலது கையில் வைத்துக்கொண்டேன். இரண்டு கையையும் மூடிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் திறந்தால் இடது கையில் பழுப்புக் குழம்பு, வலது கையில் பொத்தான் ஓரம் மழுங்கி, வடிவம் மாறாமல் அப்படியே. அந்தக் கடையில் ஏசி கிடையாது, வெளியே சித்திரை வெயில். மேசையில் இருந்த கவர்கள் எல்லாம் மொறுமொறுவென்று இருந்தன. 54 சதவீதக் கூவர்ச்சர் என்றால் அந்தச் சூட்டில் கொஞ்சமாவது மெத்தென்று ஆகியிருக்க வேண்டும். “பேட்ச் மாறியிருக்கும், வேற ஏதாவது எடுத்துக்கோங்க, பணம் திருப்பித் தர மாட்டோம்” என்றார்.

வாங்கும்போது நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு பொத்தான் கேட்டு வாங்கி, மெல்லாமல் நாக்கில் வையுங்கள். உருகி ஓடி, வாய் சுத்தமாக வேண்டும். பல்லில் மாவு மாதிரி நொறுங்கி, பிறகு படலம் தங்கினால் அது வேறு. ஆனால் நாக்கைவிட நம்பகமானது சீல் உடையாத பாக்கெட்டின் பொருள் பட்டியல். எது அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. டார்க் கூவர்ச்சர் என்றால் கோகோ மாஸ் (அரைத்த கோகோ விதை), சர்க்கரை, கோகோ பட்டர் மூன்றும்தான் முதல் இடங்களில் வரும். சர்க்கரை, ஹைட்ரஜனேட்டட் வெஜிடபிள் ஃபேட், கோகோ சாலிட்ஸ் என்று தொடங்கினால், முகப்பில் என்ன படம் போட்டிருந்தாலும் அது காம்பவுண்டுதான். பதினான்கு இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி மூன்றும் இருக்க வேண்டும். என் கவரின் ஸ்டிக்கரில் இவை எதுவுமே இல்லை.

இரண்டரைக் கிலோ வேண்டாம் என்றால் நாலு பேர் சேர்ந்து சீல் பை வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக விளையும் கோகோவிலிருந்தே சாக்லேட் செய்பவர்கள் இருக்கிறார்கள், அந்த பார்களை வாங்கலாம். பெரும்பாலும் 70 சதவீதம் இருக்கும், அதனால் கனாஷுக்குக் கிரீமை கொஞ்சம் கூட்ட வேண்டும், கூடவே ஒரு ஸ்பூன் தேனும். தெரியாமல் காம்பவுண்ட் கையில் வந்துவிட்டால், பாதிக்குப் பாதி நல்ல சாக்லேட் சேர்த்துச் சமாளிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பாம் கர்னல் கொழுப்பும் கோகோ பட்டரும் ஒத்துப்போகாது. கலவை சரியாக இறுகாது, மேலே வெள்ளை பூக்கும். நல்ல சாக்லேட்டும் வீணாகும்.

புகார் விஷயத்தில் ஒன்று தெரிந்துகொண்டேன். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு, வாங்குகிறவரே கட்டணம் கட்டி உணவைப் பகுப்பாய்வுக்குக் கொடுக்க வழி செய்கிறது. பொருள் சட்டப்படி இல்லை என்று பகுப்பாய்வு அறிக்கை வந்தால் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் பரிசோதனைக்குத்தான் வாங்குகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். விசேஷத்துக்கு வாங்குகிற யார் அப்படிச் சொல்லப்போகிறார்கள்? அதனால் நமக்கு நடைமுறையில் உதவுவது மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் புகார் கொடுப்பதுதான். அவர்களே கடைக்குப் போய் மாதிரி எடுக்கலாம். தவறான லேபிளோடு விற்றால் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. பணத்துக்கு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இரண்டு இடத்திலும் ‘டார்க் சாக்கோ’ என்ற பில் எனக்கு உதவவில்லை, கவரில் இருந்த ஸ்டிக்கர்தான் உதவியது. அதனால் பில்லில் பிராண்டும் கூவர்ச்சர் என்ற வார்த்தையும் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அங்கே வாங்க வேண்டாம்.

இரண்டு புகாரும் கொடுத்துவிட்டேன், ஒப்புகை வந்திருக்கிறது. பணம் இன்னும் வரவில்லை. வந்தாலும், அலுவலர்கள் மாதிரி எடுத்தாலும் இங்கேயே எழுதுகிறேன். கோவையில் இதே ஸ்டிக்கர் ஒட்டிய கவர் உங்கள் வீட்டிலும் இருந்தால் குப்பையில் போட்டுவிடாமல், பில்லோடு படம் எடுத்து நீங்களும் ஒரு புகார் கொடுங்கள்.