டிடி 125க்கு கார்பன் ரீட் போட்டு இரண்டு வருஷம்: உப்புக்காற்றும் மணலும் பார்த்த பிறகு

என்னுடைய பழைய யமஹா டிடி 125இல், எஞ்சினுக்குள் பெற்றோலும் காற்றும் போகும் வாயிலில் திறந்து மூடும் ஸ்டீல் ரீட் தகடுகளைக் கழற்றிவிட்டுக் கார்பன் ஃபைபர் தகடு போட்டு இரண்டு வருஷமும் சில மாதங்களும் ஆகிவிட்டன, கிட்டத்தட்ட 13,000 கிலோமீட்டர் ஓடியாயிற்று. போட்ட கிழமையே எழுதியிருந்தால் பைக் பறக்கிறது என்றுதான் எழுதியிருப்பேன். இப்போது கொஞ்சம் வேறு மாதிரிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வீடு திருகோணமலை உப்புவெளியில், வேலை குச்சவெளிப் பக்கம், சனி ஞாயிறில் தம்பலகாமத்து வயல். அதாவது கிழமை முழுக்கக் கடற்காற்று, மணல் ஒழுங்கை, மாரியில் முழங்கால் சேறு. இந்தப் பைக்கை நான் ரேஸுக்கு வைத்திருக்கவில்லை. எனக்கு வேண்டியது கீழ் வேகத்தில் இழுவை, மணலுக்குள் சில்லு புதைய முதல் எஞ்சின் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அது சொல்லாமல்தான் இருந்தது. காலையில் ஏழெட்டுக் கிக் அடித்தால்தான் ஸ்டார்ட். உவர்மலை ஏற்றத்தில் செகண்ட் கியரில் திணறி, பிறகு திடீரென்று முழித்துக்கொண்டு பாயும். பிளக் மாற்றினேன், காபரேட்டரை இரண்டு தரம் கழுவினேன், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் கராஜ் அண்ணை ஏர் ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு, எஞ்சின் ஓடும்போது காபரேட்டர் வாய்க்கு முன்னால் கொஞ்சம் தள்ளி உள்ளங்கையைப் பிடிக்கச் சொன்னார். கை நனைந்துவிட்டது. எண்ணெய் கலந்த பெற்றோல், பனி மாதிரி. "தம்பி, இது இழுத்த மூச்சைத் திருப்பி வெளியில விடுது, ரீட்டைக் கழட்டிப் பாரும்" என்றார்.

ரீட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: நாதஸ்வரச் சீவாளியை நினைத்துக்கொள்ளுங்கள். ஊதும் காற்றுக்கு அதன் இதழ் அசைந்து கொடுக்கிறது, காற்று நின்றதும் தன் விறைப்பிலேயே பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. இங்கேயும் விஷயம் அதுதான். பிஸ்டன் மேலே போகும்போது அதற்குக் கீழே இருக்கும் கிரேங்க் கேஸ் அறைக்குள் வெற்றிடம் உண்டாகி, தகடு திறந்து பெற்றோலும் காற்றும் உள்ளே போகும், பிஸ்டன் கீழே வரும்போது தகடு மூடிக்கொள்ள, உள்ளே போனது அழுத்தப்பட்டு சிலிண்டருக்குள் ஏறும். யமஹா 1972இல் தன் டூ ஸ்ட்ரோக் பைக்குகளில் இதைக் கொண்டுவந்து 'டார்க் இண்டக்‌ஷன்' என்று பெயர் வைத்தது, டார்க் (torque) என்றால் இழுவிசை, வைத்த பெயரிலேயே தெரிகிறது இது எதற்கு என்று. தகடு முழுசாக மூடாவிட்டால் உள்ளே போனது வந்த வழியே திரும்பும், அதுவும் கீழ் வேகத்தில்தான் அதிகம்.

தகடுகள் பூட்டியிருக்கும் ரீட் பிளாக்கைக் கழற்றிக் குசினி ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். மூன்று பக்கம் நல்ல இருட்டு, அதாவது தகடு சரியாக மூடுகிறது. ஒரு தகட்டின் மூலையில் மட்டும் நகக்கீறல் அளவுக்கு வெளிச்சம் வந்தது, அதே தகட்டின் நுனியில் மயிரிழை போல ஒரு வெடிப்பும் தொடங்கியிருந்தது. எனக்கு வயிறு கலங்கியது அந்த வெடிப்பைப் பார்த்துத்தான். ஸ்டீல் துண்டு உடைந்து உள்ளே போனால் பிஸ்டனையும் சிலிண்டரையும் கிழித்துவிடும். கார்பனோ ஃபைபர் கிளாஸோ நுனி உதிர்ந்தாலும் பெரும்பாலும் எரிந்து சைலன்சர் வழியாக வெளியே போய்விடும். பவர் ஆசை இல்லாதவர்கள்கூட மாற்றுவதற்கு இது ஒன்றே போதும்.

கொழும்பில் பஞ்சிகாவத்தையில் தேடித்தான் வாங்கினேன். அங்கே கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, மெல்லிசா தடிப்பா? மெல்லிய தகடு சின்ன உறிஞ்சலுக்கே திறக்கும், அதனால் கீழ் வேகம் நன்றாக இருக்கும், ஆனால் எஞ்சின் உச்சத்தில் சுற்றும்போது படபடத்துச் சரியாக மூடாது, நுனியும் சீக்கிரம் தேயும். தடிப்பானது அதற்கு நேர் எதிர். போய்சன் கம்பனி இரண்டையும் சேர்த்து, தடித்த தகட்டின் மேல் மெல்லிய தகடு வைத்துச் செய்கிறது. நான் ஒற்றை அடுக்கில் நடுத்தரத் தடிப்பு எடுத்தேன், என் ஓட்டத்துக்கு அது சரியாக இருந்தது.

பூட்டுவதில் நான் விட்ட பிழையைச் சொல்லியே ஆக வேண்டும். ஸ்குரூக்கள் தளராமலிருக்க நீலப் பசை போட்டேன், மூலை வெட்டிய பக்கம் பார்த்து ஒவ்வொரு தகட்டையும் வைத்தேன், எல்லாம் கவனமாகச் செய்துவிட்டுப் பொருத்தில் காற்றுப் புகாமல் அடைக்கும் பழைய பேப்பர் கேஸ்கட்டையே திரும்பப் போட்டுவிட்டேன். கிழியவில்லையே என்ற நினைப்பு. அடுத்த நாள் நிலாவெளி போகும் வழியில் ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் இரைச்சல் இறங்கவில்லை. நிறுத்திப் பிளக்கைக் கழற்றினால் சுண்ணாம்பு வெள்ளை. எங்கேயோ வெளிக்காற்றை இழுக்கிறது. அப்படியே இன்னும் 20 கிலோமீட்டர் விரட்டியிருந்தால் பிஸ்டன் சூடேறிப் பருத்து சிலிண்டரைப் பிடித்திருக்கும். மெதுவாக வீட்டுக்குக் கொண்டுவந்து, சூடு ஆறவிட்டு, ஐட்லிங்கில் ஓடவைத்துக்கொண்டு பொருத்தைச் சுற்றிக் காபரேட்டர் கிளீனர் கொஞ்சம் அடித்தேன், ஒரு மூலையில் அடித்ததும் சத்தம் மாறியது. புதுக் கேஸ்கட் போட்டதும் அந்தப் பிரச்சினை போய்விட்டது.

அப்புறம் ஜெட், காபரேட்டரில் பெற்றோலை அளந்து விடும் சின்னத் துளை. பழைய தகடு கக்கிக்கொண்டிருந்தபோது அதே காற்று காபரேட்டரைத் திரும்பத் திரும்பக் கடந்து ஒவ்வொரு தடவையும் பெற்றோல் ஏந்திக்கொண்டு போகும். கக்கல் நின்றதும் கலவை மெலிந்துவிட்டது. மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டினேன், பிளக் தேநீர் நிறத்துக்கு வந்தது. தகடு மட்டும் மாற்றிவிட்டு ஜெட்டைப் பார்க்காமல் விடுகிறவர்கள்தான் பிறகு எஞ்சின் பிடித்துவிட்டது என்று வந்து நிற்கிறார்கள்.

பலன் என்ன? உச்ச வேகம் கூடவேயில்லை, முன்பு எவ்வளவோ அதேதான். ஆனால் இரண்டாவது கிக்கில் ஸ்டார்ட், உவர்மலையில் திணறல் இல்லை, குச்சவெளி மணலில் கிளச்சைப் பிடித்துப் பிடித்து ஓட்டிய இடத்தில் இப்போது ஆக்சிலேட்டரைத் திருப்பினால் போதும். பெற்றோலும் லீற்றருக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் கூடக் கிடைக்கிறது. இதில் பாதிக்கு மேல் கார்பனால் வந்ததென்று நான் நினைக்கவில்லை, புதிய ஸ்டீல் தகடு போட்டிருந்தாலும் வந்திருக்கும். உங்கள் தகடு இருட்டாக மூடுகிறதென்றால் காசைக் கொட்ட முதல் யோசியுங்கள்.

9,000 கிலோமீட்டரில் திறந்து பார்த்தபோது ஒரு தகட்டின் நுனி நார் நாராகப் பிரிந்திருந்தது, அதை மட்டும் மாற்றினேன். அலுமினியத்தில் ஸ்குரூவைச் சுற்றி வெள்ளைப் பூப்பு, அது நம்முடைய உப்புக்காற்று. இன்னும் மோசம், தகடு உட்காரும் ரப்பரில் நாலைந்து மணல்துகள். ஒரு துகள் சிக்கினாலும் தகடு மூடாது. ஃபில்டர் ஸ்பாஞ்சை மாதம் ஒருமுறை கழுவினால் போதும் என்று இருந்தேன், இப்போது இரண்டு கிழமைக்கு ஒருமுறை கழுவி எண்ணெய் போடுகிறேன், அதன் விளிம்பில் கிரீஸும் பூசுகிறேன்.

ஐப்பசி மழை தொடங்க முதல் இன்னொரு தடவை திறக்க வேண்டும். மிச்சத் தகடுகளும் இரண்டு புதுக் கேஸ்கட்டும் சீட்டுக்குக் கீழே பொலித்தீனில் சுற்றி வைத்திருக்கிறேன்.