அக்னி நட்சத்திரத்துக்கு ஏர் கூலரா, ஏசியா?

முதலில் ஊரைப் பாருங்கள். கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிர்விக்கிறது. வேலூர், கரூர் மாதிரி வறண்ட வெயிலில் நன்றாக எடுபடும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் அதிகம். அங்கே கூலர் போட்டால் பிசுபிசுப்புதான் கூடும்.

கரண்ட்: கூலர் சுமார் 200 வாட், 5 மணி நேரத்துக்கு 1 யூனிட். ஒன்றரை டன் ஏசி மணிக்கே 1 யூனிட்டைத் தாண்டலாம். இரவு 8 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் 500 யூனிட் போலக் கூடும். 100 யூனிட் இலவசமெல்லாம் எந்த மூலைக்கு?

தண்ணீர்: ஏசிக்கு வேண்டாம். கூலர் ஒரு ராத்திரிக்குக் குடக்கணக்கில் குடிக்கும். லாரித் தண்ணீர் வாங்கும் தெருவில் இது சின்ன விஷயமில்லை. அப்புறம், தேங்கிய தண்ணீரை மாற்றாவிட்டால் கொசு.

ஜன்னல்: கூலருக்குத் திறந்திருக்க வேண்டும், ஏசிக்கு மூடியிருக்க வேண்டும். அறையை மூடிவிட்டு, "கூலர் சரியில்லை" என்பவர்கள்தான் அதிகம்!

உள்மாவட்டம், வாடகை வீடு, வீட்டில் கிணறு என்றால் கூலர் போதும். கடலோரம் என்றால் ஒரே ஓர் அறைக்கு ஏசி.