கியர் காருக்குத் தனி லைசென்ஸ் வேண்டுமா?

பைக் லைசென்ஸுக்குப் போனால் முதலில் கேட்பதே "கியர் வண்டியா, கியர் இல்லாததா?" என்றுதான். 1988 மோட்டார் வாகனச் சட்டம் இரண்டையும் தனி வகையாகவே வைத்திருக்கிறது, ஸ்கூட்டியில் எட்டு போட்டு வாங்கிய லைசென்ஸை வைத்துக்கொண்டு ஸ்ப்ளெண்டர் ஓட்ட முடியாது. கார் என்று வந்துவிட்டால் மட்டும் அந்தப் பேச்சே கிடையாது, எல்லாம் எல்எம்வி, அதாவது இலகு ரக வாகனம் என்ற ஒரே வகை. ஆட்டோமேட்டிக்கில் டெஸ்ட் கொடுத்து பாஸானவர் கிளட்ச்சை மிதித்தே பார்க்காமல் மறுநாள் கியர் காரை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வரலாம், சட்டப்படி தப்பே இல்லை.

என் தங்கை அப்படித்தான் அப்பாவின் பழைய காரை எடுத்தாள். மேம்பாலம் ஏறுகிற இடத்தில் நெரிசல், வண்டிகள் நின்று நின்று நகர்ந்தன. முன்வண்டி நகர்ந்ததும் பழக்கத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். ஆட்டோமேட்டிக்காக இருந்தால் மெல்ல முன்னே ஊர்ந்திருக்கும், இது பின்னால் உருண்டது. கிளட்ச்சைப் பாதி மட்டும் விட்டு, ஹாஃப் கிளட்ச்சில் வண்டியைப் பிடித்து நிறுத்த அவள் காலுக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்த நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், பின்னால் நின்ற ஷேர் ஆட்டோவுக்கும் எங்களுக்கும் ஒரு முழம்தான் இருந்தது.

பிரிட்டனில் இதற்கு இடமே இல்லை. ஆட்டோமேட்டிக்கில் பாஸானால் லைசென்ஸில் 78 என்ற குறியீடு ஏறிவிடும், கியர் கார் ஓட்ட வேண்டுமென்றால் எல் போர்டு மாட்டி, பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவரை உட்கார வைத்துப் பழகி, மறுபடி ஓட்டுநர் டெஸ்ட் கொடுக்க வேண்டும். கியரில் பாஸானவர் இரண்டையும் ஓட்டலாம். பாதுகாப்புதான், ஆனால் செலவு, காத்திருப்பு எல்லாம் இன்னொரு தடவை.

எனக்குப் பிடித்தது ஜெர்மனி செய்தது. அங்கேயும் முன்பு இதே கட்டுப்பாடுதான் இருந்தது. 2021 ஏப்ரலில் பி197 என்று ஒரு வழி கொண்டுவந்தார்கள்: டெஸ்ட்டை ஆட்டோமேட்டிக்கில் கொடுக்கலாம், ஆனால் டிரைவிங் ஸ்கூலில் குறைந்தது பத்து 45 நிமிட வகுப்புகளைக் கியர் காரில் ஓட்டியிருக்க வேண்டும், கடைசியில் ஸ்கூலிலேயே குறைந்தது 15 நிமிடம் ஓட்டிக் காட்ட வேண்டும். தேறினால் இரண்டு வகைக் காரும் ஓட்டலாம். இன்னொரு அரசுத் தேர்வு கிடையாது, ஆனால் கியர் தெரியாமல் யாரும் கியர் காரை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வரவும் முடியாது. நம் ஊரில் வீட்டுக்கு ஒரு வகை கார் நிற்கிறது, அவசரத்துக்கு யார் வண்டியையும் யாரும் எடுக்கிறார்கள், நமக்கும் இந்த ஏற்பாடுதான் சரிப்படும்.

சட்டம் கேட்காவிட்டாலும் தங்கையைப் பத்து கியர் வகுப்புக்கு அனுப்பினோம். முதல் மூன்று நாளும் ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி எடுக்கிற பயிற்சிதான்.