நேரே பி.டி.யா, முதலில் அறிமுகப் படிப்பா?

மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கம் ஓய்வுநாள் பள்ளியில் (சபையின் ஞாயிறு வகுப்பில்) நன்றாகப் பாடம் எடுக்கும் பையனைப் பார்த்தாலே, "நீ ஐயராகப் (சபைப் போதகராக) போ மக்கா" என்று சபையில் சொல்லிவிடுவார்கள். அந்த அன்பை நம்பி உடனே பி.டி. என்னும் இறையியல் இளங்கலைப் பட்டப்படிப்பில் சேரலாமா?

பி.டி. என்றால் நாலைந்து வருஷம் விடுதி வாழ்க்கை. 1969-இல் தொடங்கிய மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தமிழிலேயே படிக்கலாம். பட்டம் தருவது இறையியல் கல்லூரிகளை இணைத்து நடத்தும் செராம்பூர் செனட். கிரேக்கம், எபிரெயம், திருச்சபை வரலாறு, பிற சமயங்கள் என்று பாடம் கனமானது. குருப்பட்டம்தான் (போதகராக நியமனம் பெறுவதுதான்) இலக்கு, சபைகளை நிர்வகிக்கும் திருமண்டலமும் பரிந்துரைக்கிறது என்றால் இதுவே வழி.

அறிமுகப் படிப்பு என்றால், அதே செனட்டின் கிறிஸ்தவ இயல் டிப்ளமோவை (Diploma in Christian Studies) வீட்டிலிருந்தே படிக்கலாம். அதிகாலையில் ரப்பர் பால் வெட்டிவிட்டு மத்தியானம் புத்தகத்தோடு உட்காரலாம், வருமானம் நிற்காது. பொதுவாக இதை மட்டும் வைத்துக் குருப்பட்டம் கிடைக்காது.

ஆனாலும் நான் முதலில் இதைத்தான் சொல்வேன். பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் மிருகங்களுக்குப் பிறகு மனிதன். இரண்டாம் அதிகாரத்தில் மனிதன் முந்தி, மிருகங்கள் பிந்தி. இரண்டும் வெவ்வேறு மரபுகள் என்று பல அறிஞர்கள் விளக்குவதைப் படிக்கும்போது சிலருக்கு ஆர்வம் பொங்கும், சிலருக்கு மனம் கலங்கும். அந்தக் கலக்கத்தை அம்மாவும் சபை ஐயரும் பக்கத்தில் இருக்கும்போதே சந்திப்பது நல்லது. பி.டி.யில் சேர்ந்து நடுவில் திரும்பி வந்தால் ஊர் கேட்கும் கேள்வி பிள்ளையை நொறுக்கிவிடும்.

விண்ணப்பிக்கும் முன் பாடத்திட்டத்தையும் தேர்வு விவரத்தையும் கேட்டு வாங்குங்கள்.